மொரப்பூர்–ஓசூர் சின்ன ரயில் மாடலுக்குப் பச்சையா, கறுப்பா?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 32 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் ஓடும், கேஸில் எரியும் குட்டி நீராவி இன்ஜின் ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. நான்கு சக்கரம், இரு பக்கமும் தண்ணீர் டேங்க், பெயிண்ட் படாத வெறும் பித்தளை உடம்பு. ஒரு காலத்தில் அவர் ஊர் வழியாக ஓடிய மொரப்பூர்–தர்மபுரி–ஓசூர் சின்ன ரயிலின் நிறத்தை அதற்கு அடிக்க ஆசைப்படுகிறார். தொண்ணூறு தாண்டிய தாத்தா "பச்சை" என்கிறாராம். வீட்டிலிருக்கும் பழைய போட்டோவில் இன்ஜின் கறுப்பாகத் தெரிகிறதாம். எது சரி, எந்தப் பெயிண்ட் வாங்குவது என்பது கேள்வி.

நிறத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஆண்டு. ஒரே இன்ஜின் முப்பது வருடம் ஓடினால் அதற்கு ஒரே நிறம் இருந்திருக்கும் என்று எண்ண முடியாது. ஒவ்வொரு பெரிய பழுதுபார்ப்பிலும் பெயிண்ட் மாறலாம், முதலாளி மாறினால் எழுத்து மாறும், போர் வந்தால் கோடுகள் போய்விடும். "அந்த ரயிலின் நிறம்" என்று ஒன்று கிடையாது. "1907-ல் அதன் நிறம்", "1935-ல் அதன் நிறம்" என்றுதான் பேச முடியும்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலப் பாதை 1906-ல் திறக்கப்பட்டது, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. அதற்கு அக்கா மாதிரி திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை, அதே அகலம், 1905. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இரண்டுமே இல்லாமல் போய்விட்டன. மொரப்பூரும் திருப்பத்தூரும் உட்கார்ந்திருக்கும் ஜோலார்பேட்டை–மங்களூர் மெயின் லைன் 1908-ல் மெட்ராஸ் ரயில்வேயிடமிருந்து தென்னிந்திய ரயில்வேயின் கைக்குப் போனது. ஆகவே 1907-ம் ஆண்டு இன்ஜினுக்கு "எஸ்.ஐ.ஆர்." (தென்னிந்திய ரயில்வே) என்று எழுதினால் தப்பு, 1930-ம் ஆண்டு இன்ஜினுக்கு "எம்.ஆர்." (மெட்ராஸ் ரயில்வே) என்று எழுதினாலும் தப்பு. தெற்கு ரயில்வே பிறந்ததே 1951-ல்தான். அதன் முத்திரையோ எழுத்தோ இந்தப் பாதையின் எந்த இன்ஜினிலும் வர வழியே இல்லை. கடையில் கிடைக்கும் ரெடிமேட் ஸ்டிக்கரில் பெரும்பாலும் அதுதான் இருக்கும், கவனம்.

உடம்பு நிறத்துக்கு வந்தால், இந்தப் பாதை இன்ஜின்கள் இந்த நிறம்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வேறு யாராவது சொன்னாலும் ஆதாரம் கேளுங்கள். சாதாரண கேமராவுக்கான கலர் பிலிம் கொடாக்குரோம் வழியாகப் பரவத் தொடங்கியதே 1936-ல். அதுவும் பாலக்கோடு ஸ்டேஷனில் யாராவது அதை வைத்துப் படமெடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் சில பாகங்களைத் துணிந்து சொல்லலாம். புகைபோக்கியும், அதைத் தாங்கும் முன்பக்கப் புகைப்பெட்டியும் கறுப்பு. அது அழகுக்காக வந்தது அல்ல, அந்தச் சூட்டில் வேறு நிறம் தாங்காது என்பதால் வந்தது. இன்ஜினின் முன்னும் பின்னும் குறுக்கே வரும் சட்டமான பஃபர் பீம் சிவப்பு என்பது பிரிட்டிஷ் பழக்கத்தில் ஊறிய எல்லா ரயில்வேயிலும் ஏறக்குறைய பொது. நம்பர் பிளேட் வார்ப்புப் பித்தளையாக இருந்தால் எழுத்தின் மேற்பரப்பு மினுக்கி, பின்னணி கறுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். தகராறு எல்லாம் டேங்க், கேப் (டிரைவர் நிற்கும் அறை), பாய்லர் உறை ஆகிய மூன்றில்தான்.

இப்போது உங்கள் போட்டோ. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது கறுப்பு என்று எடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் அதிகம் பேர் விழும் குழி. அந்தக் காலத்தில் பிலிமுக்குப் பதில் கேமராவில் போட்ட சாதாரணக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணரும். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் அதில் இருட்டாகத்தான் விழும், நீலம் வெளுத்துவிடும். பிறகு வந்த ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் பச்சையையும் மஞ்சளையும் ஓரளவு பிடித்தது, சிவப்புக்குக் குருடு. எல்லா நிறத்தையும் நம் கண்ணுக்கு நெருக்கமாகக் காட்டிய பான்குரோமாட்டிக் பிலிம் பரவலானது 1920-களுக்குப் பிறகுதான். ஆகவே முதலில் இன்ஜினைப் பார்க்காதீர்கள், படத்திலுள்ள மற்ற பொருள்களைப் பாருங்கள். வானம் மேகமே இல்லாமல் வெள்ளைத் தாள் போலவும், புளியமர இலைகள் தார் போலவும் இருந்தால் அது பழைய வகைத் தகடு. சிவப்பாக இருந்தே ஆக வேண்டிய பஃபர் பீம், பக்கத்திலுள்ள கறுப்புச் சட்டத்தோடு ஒன்றாகக் கலந்து தெரிகிறதா? அப்படியானால் அந்தப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அந்தப் படத்தில் டேங்க் கரும்பச்சை, அரக்குச் சிவப்பு, கறுப்பு ஆகிய எதுவாகவும் இருக்கலாம். பீம் சட்டத்தைவிடத் தெளிவாக வெளிறித் தெரிந்தால் மட்டும், டேங்கின் சாயலையும் புகைப்பெட்டியின் சாயலையும் ஒப்பிடுவதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு. இரண்டும் ஒரே ஆழமாக இருந்தால் கறுப்பு என்ற பக்கம் தராசு சாயும். அப்போதும் பளபளப்பு ஏமாற்றும். புதிதாக வார்னிஷ் அடித்த கறுப்பு டேங்க், வெயிலில் சாம்பல் நிறமாகத் தெரியும்.

போட்டோவை மொபைலில் மறுபடி படமெடுத்து அனுப்பியிருந்தால் அந்தப் பிரதியை வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டாம். மொபைல் தன் இஷ்டத்துக்கு இருட்டையும் வெளிச்சத்தையும் மாற்றிவிடும். அசலை ஸ்கேனரில் வைத்து, எந்தத் திருத்தமும் போடாமல் எடுங்கள். இப்போது கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுக்கும் ஆப்கள் வந்திருக்கின்றன. அவை நிறத்தைக் கண்டுபிடிப்பதில்லை, ஊகித்துப் பூசுகின்றன. அதில் பச்சை வந்தது என்பதற்காகத் தாத்தா ஜெயித்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

இன்னொரு கண்ணியும் உண்டு. இன்ஜின் கட்டிய கம்பெனிகள் அதைத் தொழிற்சாலையிலிருந்து அனுப்புமுன் ஒரு படம் எடுத்து வைப்பது வழக்கம். படத்தில் ஒவ்வொரு ரிவெட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, மங்கிய சாம்பல் நிறம் அடித்து, அதன் மேல் கோடுகளையும் எழுத்தையும் போட்டுப் படமெடுப்பார்கள். படம் எடுத்த பிறகு அசல் நிறம் ஏறும். இணையத்தில் கிடைக்கும் மிக அழகான, மிகத் தெளிவான பக்கவாட்டுப் படங்கள் பல இந்த வகை. அவற்றிலிருந்து கோடு எங்கே ஓடுகிறது, எழுத்து எவ்வளவு உயரம் என்று அளந்து எடுத்துக்கொள்ளலாம். நிறத்தை எடுக்கக் கூடாது. அதேபோல ஸ்டேஷன் வாசலிலும் பூங்காவிலும் மேடை போட்டு நிறுத்தியிருக்கும் இன்ஜின்களின் இன்றைய நிறமும் சான்றாகாது. கடைசியாகப் பெயிண்ட் அடித்தவரின் ரசனையும் அன்று ஸ்டோரில் இருந்த டப்பாவும்தான் அங்கே தெரியும். ஊட்டி ரயிலின் நீலத்தைப் பார்த்துவிட்டு நம் பாதைக்கும் நீலம் என்று முடிவு கட்டுவதும் இதே வகைத் தவறு. அது மீட்டர் கேஜ், பல்சக்கர ரயில், வேறு உலகம்.

தாத்தாவின் "பச்சை"யைத் தள்ளிவிட வேண்டாம். போர்க்காலத்தில் அவர் பத்து வயதுப் பையன். கண்ணால் கண்டிருக்க வாய்ப்புள்ளவர்களில் மிச்சமிருப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் அதே ஊர் வழியாகப் பின்னாளில் மீட்டர் கேஜ் ரயிலும் ஓடியது, அதன் இன்ஜின்களும் நினைவில் கலந்திருக்கலாம். அவரிடம் "பச்சைதானே தாத்தா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் வரும். அப்படிக் கேட்காமல், வேப்பிலை மாதிரியா, வாழையிலை மாதிரியா, கிணற்றுப் பாசி மாதிரியா என்று கேளுங்கள். மூக்கும் வயிறும் ஒரே நிறமா, கோடு இருந்ததா, கை வைத்தால் கறை ஒட்டியதா என்றும் கேளுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் "பாசி" என்றால் அது கரும்பச்சை, அதைக் குறித்துக்கொள்ளலாம். கரும்பச்சையின் மேல் எண்ணெயும் கரிப்புகையும் படிந்தால் பத்தடி தூரத்தில் அது கறுப்புதான். போட்டோவும் தாத்தாவும் ஒருவருக்கொருவர் எதிரி என்று நினைக்கத் தேவையில்லை.

எழுத்தில் சான்று கிடைத்தாலும் நிறத்தின் பெயரை நம்பிவிட முடியாது. லண்டன், பிரைட்டன் பக்கம் ஓடிய ரயில்வேக்கு வில்லியம் ஸ்ட்ரவுட்லி என்பவர் தலைமை இன்ஜினியராக இருந்தபோது, அவருடைய பயணிகள் இன்ஜின்களின் நிறத்துக்குப் பெயர் "மேம்படுத்தப்பட்ட இன்ஜின் பச்சை". பார்த்தால் அது மஞ்சள், நல்ல கடுகுப்பொடி மஞ்சள்! "பிரன்ஸ்விக் பச்சை" என்பதும் ஒரே நிறம் இல்லை. பிரஷ்யன் நீலத்தையும் குரோம் மஞ்சளையும் கலந்து செய்த பச்சைகளின் குடும்பப் பெயர் அது. பெயிண்ட் நிறங்களுக்கான நம் இந்தியத் தரமான ஐ.எஸ். 5-ன் நிற அட்டையிலேயே அதற்கு லைட், மிடில், டீப் என்று மூன்று உண்டு. போதாததற்கு அந்தக் காலத்து வார்னிஷ் வயதாக ஆகப் பழுப்பேறும். அதன் அடியில் நீலம் பச்சையாகும், வெள்ளைக் கோடு சந்தன நிறமாகும். வெள்ளைக்குப் பயன்பட்ட ஈய வெள்ளை, நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்கும். வெர்மிலியன் சிவப்பு வெயிலில் கருகும். ஆக, "சரியான நிறம்" என்று நீங்கள் எதைப் பிடித்தாலும் அது பெயிண்ட் ஷாப்பை விட்டு வெளியே வந்த முதல் மாதத்தின் நிறமாகத்தான் இருக்கும்.

இத்தனையும் சொல்லிவிட்டு நழுவக் கூடாது, என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். 1930-களின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடில்லாத கறுப்பு உடம்பு, சிவப்பு பஃபர் பீம், மினுக்கிய பித்தளை நம்பர் பிளேட், டேங்கில் சின்னதாக எஸ்.ஐ.ஆர். காசு முடை வந்தால் ரயில்வேக்கள் முதலில் கைவிடுவது கோடுகளையும் இரண்டாவது நிறத்தையும்தான். வருமானம் குறைந்த சின்னப் பாதையில், பொருளாதார மந்தநிலைக் காலத்தில், அலங்காரத்தை எதிர்பார்க்க முடியாது. பிரிட்டனின் பெரிய ரயில்வேக்களே போர் வந்ததும் பளபளத்த பச்சையையும் அரக்கையும் விட்டுவிட்டு வெறும் கறுப்புக்குப் போயின. இது ஊகம்தான், ஆனால் யார் கேட்டாலும் காரணம் சொல்லக்கூடிய ஊகம். தாத்தாவுக்காகப் பச்சை வேண்டும் என்றால் 1913-ஐ எடுங்கள், புதுப் பாதை திறந்த ஆண்டு. டீப் பிரன்ஸ்விக் பச்சை, கறுப்புப் புகைப்பெட்டி, டேங்க் ஓரத்தில் ஒற்றை மஞ்சள் கோடு. நான் செய்யாதிருப்பது ஒன்றே ஒன்று: 1913-ன் கோடுகளோடு 1935-ன் அழுக்கையும் சேர்த்து ஒரே இன்ஜினில் காட்டுவது.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 32 மி.மீ. தண்டவாளத்தில் வரும் இன்ஜின்களில் பெரும்பாலானவை 1:19 அளவில் இரண்டடிப் பாதைக்காகச் செய்யப்பட்டவை (32-ஐ 19-ஆல் பெருக்கினால் 608, இரண்டடி). நம் பாதை இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. அதே 32 மி.மீ.யில் அதைக் காட்ட 1:24 என்று எடுத்துக்கொண்டால் 768 வருகிறது, நூல் பிடித்த மாதிரி. ஆனால் அப்போது கேப் வாசலை அளந்து பாருங்கள். 95 மி.மீ. உயரம் இருந்தால் 1:19-ல் 1.8 மீட்டர், ஆள் நுழையச் சரி. 1:24-ல் 2.28 மீட்டர், யானைக்குட்டிக்கு வைத்த வாசல். எந்த அளவு என்பதை முடிவு செய்த பிறகே எழுத்தும் கோடும். ஆறு அங்குல எழுத்து 1:19-ல் 8 மி.மீ., 1:24-ல் 6.3 மி.மீ. கால் அங்குலக் கோடு முறையே 0.33, 0.26 மி.மீ. கறுப்புப் பட்டைக்கு இருபுறமும் வெள்ளைக்கோடு என்ற மூன்று வரி அலங்காரத்தை இவ்வளவு சின்ன டேங்கில் நெருக்கினால் தேர்ச்சீலை மாதிரி ஆகிவிடும். ஒற்றைக் கோடு போதும்.

கலக்கும்போது டப்பாவிலிருக்கும் நிறத்தை அப்படியே அடிக்காதீர்கள். சின்னப் பொருளின் மேல் முழு ஆழ நிறம், பெரிய பொருளில் தெரிவதைவிட இருட்டாகத் தெரியும். கறுப்பு பத்துப் பங்கு என்றால் ஒரு பங்கு அடர் சாம்பலும் சொட்டுப் பழுப்பும் சேருங்கள். பச்சைக்குப் பத்துக்கு ஒன்று வெளிர் சாம்பல், இரண்டு சொட்டு மஞ்சள். பீமுக்கு ஐ.எஸ். 5-ன் சிக்னல் ரெட் 537, அதிலும் துளிப் பழுப்பு. முழுப் பளபளப்பும் வேண்டாம், முழு மங்கலும் வேண்டாம், இடைப்பட்ட சாட்டின் பூச்சுதான் இந்த அளவுக்கு நம்பும்படி இருக்கும். மிச்சப் பித்தளைத் தகட்டில் இரண்டு அங்குலச் சதுரமாக மூன்று கலவைகளை அடித்துக் காயவிட்டு, காலை வெயிலிலும் இரவு எல்.இ.டி. வெளிச்சத்திலும் பாருங்கள். வெயிலில் பொருந்தும் பச்சை, விளக்கில் நீலமடிப்பது சகஜம். இன்ஜின் எங்கே ஓடப்போகிறதோ அந்த வெளிச்சத்துக்குத் தீர்ப்பு. அளவு என்று பார்த்தால், இருபத்தைந்து செ.மீ. நீள இன்ஜினுக்கு ஒரு பூச்சுக்குச் சிதறலையும் சேர்த்து 15 மி.லி. போதும். 100 மி.லி. ஒரே தடவையில் கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் இரண்டாவது கலவையின் நிறம் ஒருபோதும் ஒத்துவராது.

ஷோகேஸ் பொம்மைக்கும் உங்கள் இன்ஜினுக்கும் பெரிய வித்தியாசம் சூடு. 3 பார் அழுத்தத்தில் பாய்லர் தண்ணீர் கிட்டத்தட்ட 143 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கேஸ் தீ நேராகப் போய்ச் சேரும் புகைப்பெட்டி அதற்கும் மேலே. சாதாரண அக்ரிலிக் அங்கே மென்மையாகிக் கொப்பளிக்கும். புகைப்பெட்டிக்கும் புகைபோக்கிக்கும் பைக் சைலன்சருக்கு அடிக்கும் மேட் கறுப்பு ஹீட் பெயிண்ட், அதுவும் மெல்லிசாக இரண்டு பூச்சு. அது காற்றில் காய்ந்தாலும் சூடேறினால்தான் இறுகும், முதல் சில ஓட்டங்களே அந்த வேலையைச் செய்துவிடும். பாய்லருக்கு உறையும் அதனடியில் சூடு தடுக்கும் அடுக்கும் இருந்தால் உறைக்கு எனாமலோ கார் பெயிண்டோ தாங்கும். உறையே இல்லாமல் வெறும் பாய்லராக இருந்தால் அதற்கும் ஹீட் பெயிண்ட்தான். "ஓவனில் வைத்துச் சுட்டால் பெயிண்ட் கல்லாகும்" என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஈயப் பற்று வைத்த இணைப்புகள் 183 டிகிரியில் உருகத் தொடங்கும், வெள்ளை உலோக வார்ப்புக்குப் பயன்படும் பற்று 70-லேயே உருகும். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் 50 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். சித்திரை வெயிலில் ஒரு தகர டப்பாவுக்குள் வைத்தாலே அந்தச் சூடு கிடைத்துவிடும்.

பித்தளையில் பெயிண்ட் உரிவதற்கு முக்கால்வாசி காரணம் பெயிண்ட் இல்லை, அடியிலிருக்கும் எண்ணெயும் உப்பும். பாகங்களைக் கழற்றி, தின்னரால் துடைத்து, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக் கழுவுங்கள். கடைசி அலசலுக்குப் போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். அந்தப் புள்ளியின் மேல் ஏறும் பெயிண்ட், நீராவியும் ஈரமும் பட்டதும் கொப்புளமாக எழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரால் அலசிக் காயவிட்டு, அதன்பின் வெறும் கையால் தொடக் கூடாது. ஹார்டுவேர் கடையில் கொடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் இரும்புக்கானது, பித்தளையில் நகத்தால் கீறினால் பாளமாக வரும். கார் பெயிண்ட் கடையில் எட்ச் பிரைமர் என்று கேளுங்கள். அதிலிருக்கும் அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கடித்துப் பிடிக்கும். அடியிலிருக்கும் பித்தளை மங்கலாகத் தெரியும் அளவுக்கு ஒரே பூச்சு போதும், டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் மேல்பூச்சு ஏற வேண்டும். சக்கரத்தின் ஓடுபரப்பு, அச்சு, இணைப்புக் கம்பிகள், சேஃப்டி வால்வு, கேஸ் ஜெட் இவற்றில் ஒரு துளியும் படாமல் டேப் சுற்றிவிடுங்கள். ஜெட்டின் துளை மிக மிகச் சின்னது. ஒரு தூசி பெயிண்ட் போனாலும் இன்ஜின் எரியாது.

ஸ்ப்ரே என்றால் 0.3 மி.மீ. ஏர்பிரஷ், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், பால் பதத்துக்குக் கரைத்து, ஒரு சாண் தூரத்துக்குள்ளிருந்து மூன்று மெல்லிய பூச்சு. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ கார் பெயிண்டரிடம் கொடுப்பதானால் அவருடைய பெரிய ஸ்ப்ரே கன்னில் அடிக்க விடாதீர்கள், டச்-அப் கன் கேளுங்கள். ஐந்து பூச்சு சேர்ந்து 125 மைக்ரான் ஆகிவிட்டால், 1:19-ல் அது நிஜ இன்ஜின் மேல் ஏறக்குறைய 2.4 மி.மீ. தடிப்பு. ரிவெட்டெல்லாம் அமுங்கி, வெல்லப்பாகு ஊற்றிய மாதிரி ஆகும். இரண்டு பாகமாகக் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் உண்டு. சாதாரண முகக்கவசம் அதற்குத் தடுப்பில்லை, அதை வீட்டில் அடிக்க வேண்டாம். வரிசையும் முக்கியம்: என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டின் மேல் எனாமல் அடிக்கலாம், எனாமலின் மேல் என்.சி. அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிப் புழுவாய் எழும். ஐப்பசி மழையில் என்.சி. அடித்தால் ஈரம் பிடித்து வெண்மை பூக்கும். ஆடிக்காற்றில் அடித்தால் தூசி, அதுவும் கிரானைட் பட்டறைகள் பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். மாசி, பங்குனிக் காலை பத்து மணி, தரையில் தண்ணீர் தெளித்த மூடிய அறை, அதுதான் நம் ஊருக்கு நல்ல நேரம்.

கோடு போட டேப் ஒட்டி அடிப்பதைவிடப் பழைய ஜியாமெட்ரி பெட்டியில் வரும் ரூலிங் பேனா நல்லது. உடம்புக்கு என்.சி.யோ, பெயிண்டரிடம் கொடுத்தால் பி.யூ.வோ அடித்து ஒரு வாரம் காயவிடுங்கள், கோட்டுக்கு எனாமல் எடுங்கள். அப்போதுதான் கோடு கோணினால் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம், அடிநிறம் கரையாது. பேனாவின் வெளிப்பக்கம் பெயிண்ட் ஒட்டியிருந்தால் ஸ்கேலின் அடியில் ஓடிவிடும், ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். முதலில் கண்ணாடித் துண்டில் பத்துக் கோடு போட்டுப் பாருங்கள். பரந்து ஓடினால் பெயிண்ட் நீர்த்துவிட்டது, விட்டுவிட்டு வந்தால் கெட்டி. எழுத்துக்குத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீக்கால் அச்சடித்து வாங்கலாம். அதை ஒட்டும் இடம் மட்டும் பளபளப்பாக இருக்க வேண்டும், மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டி வெள்ளி போல மின்னும். எல்லாம் முடிந்ததும் ஒரு சாட்டின் கிளியர், அது சிலிண்டர் எண்ணெய் தெறிப்பையும் தாங்க வேண்டும்.

பத்து நாள் கழித்து முதல் தீ மூட்டுங்கள், அரை அழுத்தத்தில், ஐந்து நிமிடம். புகைப்பெட்டியிலிருந்து கொஞ்சம் நாற்றமும் புகையும் வரும், அது பெயிண்ட் இறுகும் அடையாளம். ஆறவிட்டு மறுபடி, இப்படி மூன்று முறை. அழுக்கு காட்ட விரும்பினால் அதற்கப்புறம்: சக்கரச் சட்டத்திலும் படிக்கட்டிலும் மட்டும் நம் செம்மண் நிறத்தில் மெல்லிய தூவல், டேங்க் மூடியைச் சுற்றித் தண்ணீர் வழிந்த தடம், அவ்வளவுதான். கலவையில் 20 மி.லி.யைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் விளிம்புவரை நிரப்பி இறுக மூடி வையுங்கள், கீறல் விழாமல் எந்த நீராவி இன்ஜினும் ஓடியதில்லை. கலந்த விகிதத்தையும், எந்த ஆண்டின் இன்ஜின் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்பதையும், பச்சை என்றால் "தாத்தா சொன்னபடி" என்பதையும் கேப் தரையின் அடிப்பக்கத்தில் மெல்லிய பிரஷ்ஷால் எழுதிவிடுங்கள்.